தண்டவாளத்துக்குத் திரும்பட்டும் சரக்கு!

ஒவ்வொரு குளிர்காலத்திலும் தில்லியின் எல்லைகளில் ஒரே காட்சிதான். காற்றின் மாசு அபாய அளவைத் தாண்டியதும், அத்தியாவசியப் பொருள்களை ஏற்றிவராத பழைய டீசல் லாரிகள் தலைநகருக்குள் நுழையத் தடை விதிக்கப்படுகிறது. சிங்குவிலும் டிக்ரியிலும் சாலையோரம் லாரிகள் வரிசைகட்டி நிற்கின்றன. ஓட்டுநர்கள் அடுப்பை மூட்டிக் குளிர்காய்ந்தபடி தடை விலகும் நாளை எதிர்பார்த்துக் காத்துக் கிடக்கிறார்கள். அதே வேளையில் நாடாளுமன்றக் குளிர்காலக் கூட்டத்தொடரில் உறுப்பினர்கள் புகைமூட்டத்தைப் பற்றிக் கவலை தெரிவிக்கிறார்கள். அமைச்சர்கள் விளக்கமளிக்கிறார்கள். பிப்ரவரி பிறந்து வானம் வெளுத்ததும் எல்லோருமே அதை மறந்துவிடுகிறார்கள்.

கண்ணுக்குத் தெரிகிற புகைக்காவது ஆண்டுக்கொருமுறை விவாதம் நடக்கிறது. தில்லிக்குள் நுழையும் சரக்கு வாகனங்களுக்கு 2015-ஆம் ஆண்டில் உச்ச நீதிமன்றம் சுற்றுச்சூழல் இழப்பீட்டுக் கட்டணம் விதித்தது. 2020 ஏப்ரல் முதல் நாடு முழுவதும் பாரத்-6 தர எரிபொருளும் வாகனங்களும் நடைமுறைக்கு வந்தன. இவை நுண்துகள்களையும் நைட்ரஜன் ஆக்ஸைடையும் குறைக்க உதவும். ஆனால், கண்ணுக்குத் தெரியாத கரியமில வாயுவுக்கு இவற்றில் விடை கிடையாது. எத்தனை நவீனமான என்ஜினாக இருந்தாலும், ஒரு லிட்டர் டீசல் எரிந்தால் ஏறத்தாழ 2.7 கிலோ கரியமில வாயு வெளிவந்தே தீரும். லிட்டருக்கு 4 கி.மீ. ஓடும் கனரக லாரி ஒன்று சென்னையிலிருந்து தில்லிக்கு ஒருமுறை வந்து சேர்வதற்குள் ஏறத்தாழ ஒன்றரை டன் கரியமில வாயுவைக் காற்றில் கலந்துவிடுகிறது. அந்த லாரியை எல்லையில் எத்தனை நாள் நிறுத்திவைத்தாலும் அந்தக் கணக்கு மாறப்போவதில்லை.

எனவே கேட்கப்பட வேண்டிய கேள்வி, லாரியைத் தில்லிக்குள் விடலாமா, கூடாதா என்பதல்ல. இரண்டாயிரம் கி.மீ. தொலைவுக்கு அந்தச் சரக்கு லாரியில் வர நேர்ந்தது ஏன் என்பதே.

நீதி ஆயோக் 2022-இல் வெளியிட்ட ஓர் அறிக்கையின்படி, நாட்டிலுள்ள மொத்த வாகனங்களில் லாரிகளின் பங்கு வெறும் 3 சதவீதம்தான். ஆனால், போக்குவரத்துத் துறை வெளியிடும் கரியமில வாயுவில் 34 சதவீதம் அவற்றிலிருந்தே வருகிறது. சுமார் 40 லட்சமாக இருக்கும் லாரிகளின் எண்ணிக்கை 2050-இல் 1.7 கோடியாக உயரக்கூடும் என்றும் அந்த அறிக்கை கணிக்கிறது. 2070-க்குள் நிகர உமிழ்வைப் பூஜ்யமாக்குவோம் என்று 2021 நவம்பரில் கிளாஸ்கோ மாநாட்டில் உலகத்தின் முன் இந்தியா வாக்குறுதி அளித்திருக்கிறது. வளரும் பொருளாதாரத்தில் சரக்குப் போக்குவரத்து பெருகுவதைத் தடுக்க முடியாது; தடுக்கவும் கூடாது. அது எந்த வழியில் பயணம் செய்கிறது என்பதைத்தான் மாற்ற முடியும்.

சுதந்திரம் பெற்ற சில ஆண்டுகளில், அதாவது 1950-51-இல், நாட்டின் சரக்குப் போக்குவரத்தில் 85 சதவீதத்துக்கும் மேல் ரயில்களில்தான் நடந்தது. இன்று அது 30 சதவீதத்துக்கும் கீழே இறங்கிவிட்டது. உருக்குத் தண்டவாளத்தில் உருளும் உருக்குச் சக்கரத்துக்கு உராய்வு மிகக் குறைவு. அதனால், ஒரு டன் சரக்கை ஒரு கி.மீ. கொண்டுசெல்ல லாரிக்குத் தேவைப்படுவதில் சிறு பகுதி எரிசக்தியே ரயிலுக்குப் போதும். ஒரு முழுநீளச் சரக்கு ரயில் ஏறத்தாழ 3,500 முதல் 4,000 டன் வரை சுமக்கிறது. அதைச் சாலையில் கொண்டுசெல்ல ஏறக்குறைய இருநூறு லாரிகள் வேண்டும். அகல ரயில் பாதைகளில் 99 சதவீதத்துக்கும் மேல் மின்மயமாகிவிட்டது. சூரியசக்தியும் காற்றாலையும் பெருகப் பெருக, அந்த ரயில் மேலும் தூய்மையாகும். இத்தனை சாதகங்கள் இருந்தும் சரக்கு தண்டவாளத்தைவிட்டு இறங்கிச் சாலைக்குப் போனது ஏன்?

முதல் காரணம், இடநெருக்கடி. தில்லி, மும்பை, சென்னை, கொல்கத்தா ஆகிய நான்கு பெருநகரங்களையும் இணைக்கும் தங்க நாற்கரத் தடங்களும் அவற்றின் குறுக்குத் தடங்களும் மொத்த ரயில் பாதையில் சுமார் 16 சதவீதம்தான். ஆனால், பயணிகளிலும் சரக்கிலும் பாதிக்கும் மேல் அவற்றின் வழியாகவே செல்கிறது. விரைவு ரயில் வந்தால் சரக்கு ரயில் ஒதுங்கி நிற்க வேண்டும். அதனால் அதன் சராசரி வேகம் பல்லாண்டுகளாக மணிக்கு 25 கி.மீ. அளவிலேயே தேங்கியிருந்தது. எப்போது புறப்படும், எப்போது போய்ச் சேரும் என்று சொல்ல முடியாத வண்டியில் எந்த வியாபாரி தன் சரக்கை ஏற்றுவார்?

இதற்கு மருந்தாகத்தான் சரக்குக்கென்றே தனிப் பாதை அமைக்கும் திட்டம் வந்தது. 2005-06 ரயில்வே நிதிநிலை அறிக்கையில் அன்றைய அமைச்சர் லாலு பிரசாத் இதை அறிவித்தார். இதற்கான தனி நிறுவனம் 2006-இல் தொடங்கப்பட்டது. லூதியாணாவிலிருந்து பிகாரின் சோன்நகர் வரை 1,337 கி.மீ. நீளமுள்ள கிழக்குத் தடம் 2023-இல்தான் முழுமை பெற்றது. தில்லியை அடுத்த தாத்ரியிலிருந்து மும்பை ஜவாஹர்லால் நேரு துறைமுகம் வரை 1,506 கி.மீ. நீளமுள்ள மேற்குத் தடத்தில், துறைமுகத்தை எட்டும் சுமார் 100 கி.மீ. பகுதி 2025 மார்ச் மாதத்திலும் முடிந்திருக்கவில்லை. எந்தத் துறைமுகத்துக்காகத் தடம் போடப்பட்டதோ அந்தத் துறைமுகமே கடைசியில் நின்றது. 2014-இல் சுமார் 91,000 கி.மீ. ஆக இருந்த தேசிய நெடுஞ்சாலைகளின் நீளம் பத்தே ஆண்டுகளில் 1.46 லட்சம் கி.மீ. ஆனதோடு இதை ஒப்பிட்டால் வேறுபாடு புரியும். சாலை போட்டது தவறல்ல. சாலைக்குக் காட்டிய வேகத்தைத் தண்டவாளத்துக்குக் காட்டாததுதான் தவறு.

தாமதமானாலும் தனித் தடம் பலன் தருகிறது என்பதை மறுக்க முடியாது. இப்பாதைகளில் சரக்கு ரயில்கள் பழைய வேகத்தைப்போல இரண்டு மடங்குக்கு மேல் ஓடுகின்றன. ஒன்றன்மேல் ஒன்றாகக் கன்டெய்னர்களை அடுக்கிய ஒன்றரை கி.மீ. நீள ரயில், உயர்த்திக் கட்டிய மின்கம்பியின் கீழ் 2021 ஜனவரியில் மேற்குத் தடத்தில் ஓடத் தொடங்கியது. பாதை நெருக்கடி தீர்ந்தால் சரக்கு ரயிலால் லாரியோடு போட்டியிட முடியும் என்பதற்கு இது கண்கூடான சான்று.

ஆனால், பாதை மட்டும் போதாது. இரண்டாவது காரணம் கட்டணம். அதைப் பற்றி நாடாளுமன்றத்தில் யாரும் வாய்திறக்க விரும்புவதில்லை.

ரயில்வேயின் வருவாயில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு சரக்கிலிருந்து வருகிறது. பயணிகள் சேவையோ நஷ்டத்தில் நடக்கிறது. பயணியின் பயணச் செலவில் சராசரியாக 46 சதவீதத்தை ரயில்வேயே ஏற்கிறது என்றும், ஆண்டுக்கு இதன் மொத்தச் சுமை ரூ. 56,993 கோடி என்றும் அமைச்சர் அஸ்வினி வைஷ்ணவ் 2024-இல் மக்களவையில் தெரிவித்தார். இந்தப் பணம் வானத்திலிருந்து விழுவதில்லை. சரக்குக் கட்டணத்தை உயர்த்தி வைத்து, அதில் கிடைக்கும் லாபத்தைக் கொண்டே இந்தப் பள்ளம் நிரப்பப்படுகிறது. தலைமைக் கணக்குத் தணிக்கையாளரின் அறிக்கைகள் இதைத் திரும்பத் திரும்பச் சுட்டிக்காட்டியிருக்கின்றன. அதாவது, பயணியின் சீட்டில் குறைக்கப்பட்ட தொகை, அவர் வாங்கும் சிமெண்ட் மூட்டையிலும் மின்கட்டணத்திலும் மறைந்து திரும்பி வருகிறது. சிமெண்டும் நிலக்கரியும் வேறு வழியின்றி அந்தக் கட்டணத்தைச் செலுத்துகின்றன. வேறு வழி உள்ள சரக்கெல்லாம் லாரியில் ஏறிவிடுகிறது.

கட்டணத்தில் கைவைத்தால் என்ன ஆகும் என்பதற்கு 2012 ஓர் உதாரணம். அந்த ஆண்டு மார்ச் 14-இல் ரயில்வே நிதிநிலை அறிக்கையைத் தாக்கல் செய்த தினேஷ் திரிவேதி, கி.மீ.க்கு இரண்டு பைசா முதல் 30 பைசா வரை பயணக் கட்டணத்தை உயர்த்தினார். அவருடைய கட்சித் தலைவர் மம்தா பானர்ஜியே அதை எதிர்த்தார். சில நாள்களில் திரிவேதி பதவி இழந்தார். அடுத்து வந்த முகுல் ராய் உயர்வின் பெரும்பகுதியைத் திரும்பப் பெற்றார். அன்று கற்ற பாடத்தை எந்தக் கட்சியும் மறக்கவில்லை. 2017-இல் ரயில்வே நிதிநிலை அறிக்கை பொது நிதிநிலை அறிக்கையோடு இணைக்கப்பட்டபோது 92 ஆண்டு கால மரபு முடிவுக்கு வந்தது. இணைப்புக்குப் பிறகும் மானியச் சுமை பொதுக் கணக்குக்கு மாறவில்லை. சரக்கின் தலையிலேயே தொடர்கிறது. ரயில்வே மானியக் கோரிக்கை விவாதங்களில் உறுப்பினர்கள் புதிய ரயில், கூடுதல் நிறுத்தம், மேம்பாலம் ஆகியவற்றைக் கேட்கிறார்கள். அவை நியாயமான கோரிக்கைகள்தான். ஆனால், தன் தொகுதியின் ஆலைகளிலிருந்து புறப்படும் சரக்குக்கு ஒரு ரயில் வேண்டும் என்று எழுந்து கேட்பவர் அரிது. சரக்குக்கு வாக்குரிமை இல்லையே!

ரயில்வே உடனே கவனிக்க வேண்டிய ஆபத்து ஒன்றும் இதில் அடங்கியிருக்கிறது. அது ஏற்றிச் செல்லும் சரக்கில் ஏறத்தாழ பாதி நிலக்கரி. பருவநிலை மாற்றத்தை எதிர்கொள்ள நாடு நிலக்கரியைப் படிப்படியாகக் குறைத்தாக வேண்டும். அப்போது பயணிகளின் நஷ்டத்தை ஈடுகட்டும் வருவாயும் கரையும். 2030-க்குள் தன் சொந்த உமிழ்வை நிகரப் பூஜ்யமாக்குவதாக அறிவித்திருக்கும் ரயில்வே, தன் வருவாய்க்கு நிலக்கரியையே நம்பியிருப்பது நீண்ட நாள் நீடிக்காது. நிலக்கரிக்கு அப்பாலுள்ள சரக்குகளை இப்போதே பிடிக்காவிட்டால், நாளை பயணிக்கும் மானியமிருக்காது. சரக்கும் சாலையிலிருந்து திரும்பாது.

பிடிக்க முடியுமா என்ற ஐயத்துக்குக் கார் ஏற்றுமதியே விடை. 2013-14-இல் உள்நாட்டில் தொழிற்சாலைகளிலிருந்து வெளியேறிய கார்களில் ஒன்றரை சதவீதம் மட்டுமே ரயிலில் சென்றன. 2024-25-இல் அந்தப் பங்கு 24 சதவீதத்தைத் தாண்டிவிட்டது. தனியார் சொந்தமாக வேகன் வாங்கி இயக்க அனுமதி, கார்களுக்கு ஏற்ற வேகன் வடிவமைப்பு, ஏற்றி இறக்க வசதியுள்ள நிலையங்கள் ஆகியவைதான் இதைச் சாதித்தன. சென்னையைச் சுற்றியுள்ள ஆலைகளின் கார்கள் வாலாஜாபாத் நிலையத்திலிருந்து வடமாநிலங்களுக்கு ரயிலேறுகின்றன. கார்களுக்குச் செய்ததை ஜவுளிக்கும், டயருக்கும், உணவுப் பொருள்களுக்கும், வீட்டு உபயோகச் சாதனங்களுக்கும் ஏன் செய்யக் கூடாது?

கடலையும் மறந்துவிடக் கூடாது. இதில் தமிழகத்துக்கு நீண்ட அனுபவம் உண்டு. ஒடிசாவின் தால்சேர் சுரங்கங்களிலிருந்து நிலக்கரி ரயிலில் பாராதீப் துறைமுகத்துக்கு வந்து, அங்கிருந்து கப்பலில் எண்ணூருக்கும் தூத்துக்குடிக்கும் வருகிறது. இதற்கெனவே 1974-இல் தமிழக அரசு பூம்புகார் கப்பல் கழகத்தைத் தொடங்கியது. 11,000 கி.மீ.க்கும் மேற்பட்ட நீளக் கடற்கரை கொண்ட நாட்டில் இப்படி நிலக்கரிக்கு மட்டும் பயன்படும் கடல்வழியை மற்ற சரக்குகளுக்கும் விரிவாக்க வேண்டும். 2016-ஆம் ஆண்டுச் சட்டம் 111 நீர்வழிகளைத் தேசிய நீர்வழிகளாக அறிவித்தது. ஆனால், அறிவிப்பால் மட்டும் ஆற்றில் ஆழம் வந்துவிடாது. அவற்றில் பெரும்பாலானவை இன்னும் காகிதத்தில்தான் ஓடுகின்றன.

லாரிகளை மின்சாரத்துக்கு மாற்றினால் போதாதா என்று கேட்கலாம். அதுவும் வேண்டும். பி.எம். இ-டிரைவ் திட்டத்தில் ரூ. 500 கோடி ஒதுக்கப்பட்டு, லாரி ஒன்றுக்கு அதிகபட்சம் ரூ. 9.6 லட்சம் வரை மானியம் தர 2025 ஜூலையில் நெறிமுறை வெளியானது. இதனால் பயன்பெறுபவை சுமார் 5,600 லாரிகள். ஏற்கெனவே சாலையிலுள்ள 40 லட்சத்தோடு ஒப்பிட்டால், ஆயிரத்துக்கு ஒன்றோ இரண்டோதான். மின்சார லாரியின் விலை டீசல் லாரியைப்போல இரண்டு, மூன்று மடங்கு. சுரங்கம், துறைமுகம், சிமெண்ட் ஆலை என்று குறுகிய தொலைவில் ஒரே தடத்தில் திரும்பத் திரும்ப ஓடும் பணிகளுக்கு அவை பொருந்தும். காஷ்மீரிலிருந்து ஆப்பிள் ஏற்றிவரும் லாரிக்கு இன்னும் வெகுகாலம் ஆகும்.

டீசல் லாரியிலேயே செய்ய முடிந்ததைக்கூட அரசு தள்ளிப்போட்டது. 12 டன்னுக்கு மேற்பட்ட வாகனங்களுக்கான எரிபொருள் சிக்கன விதிகள் 2017 ஆகஸ்டில் அறிவிக்கப்பட்டன. 2018-இல் தொடங்கியிருக்க வேண்டிய அவை 2023 ஏப்ரலில்தான் நடைமுறைக்கு வந்தன. அந்த ஐந்தாண்டுகளில் விற்பனையான லாரிகள் இன்னும் பதினைந்து ஆண்டுகள் சாலையில் ஓடும். மாறாக, 2017 ஜூலையில் சரக்கு, சேவை வரி வந்தபோது மாநில எல்லைச் சோதனைச் சாவடிகளில் நாள்கணக்கில் காத்துக்கிடந்த நிலை பெருமளவு நீங்கியது. சுற்றுச்சூழலை நினைத்துச் செய்யப்படாத அந்தச் சீர்திருத்தம் டீசலையும் மிச்சப்படுத்தியது. நிர்வாகம் சீரானாலே உமிழ்வு குறையும் என்பதற்கு அது பாடம்.

இந்த மாற்றத்தால் பாதிக்கப்படுபவர்களையும் நினைத்துப் பார்க்க வேண்டும். நாட்டின் லாரி உரிமையாளர்களில் பெரும்பாலோர் ஐந்துக்கும் குறைவான லாரிகளை வைத்திருப்பவர்கள். நாமக்கல்லிலும் சங்ககிரியிலும் கடன் வாங்கி லாரி ஓட்டும் ஆயிரக்கணக்கான குடும்பங்கள் உள்ளன. டீசல் விலை, சுங்கக் கட்டணம், காப்பீடு, திரும்பிவரும்போது சுமை கிடைக்காத பயணம் என்று ஏற்கெனவே நெருக்கடியில் இருக்கும் அவர்கள்மேல் உமிழ்வு குறைப்பின் செலவைச் சுமத்துவது அநியாயம். தொலைதூரச் சரக்கு ரயிலேறினாலும், ஆலையிலிருந்து நிலையத்துக்கும் நிலையத்திலிருந்து கடைக்கும் லாரி வேண்டும். ஒரு மாதம் வீட்டைப் பார்க்காத ஓட்டுநர் இரவில் வீடு திரும்பும் வாய்ப்பும் அதில் உண்டு. அந்த மாற்றத்துக்குக் குறைந்த வட்டிக் கடனும், சரக்கு முனையங்களில் சிறு உரிமையாளர்களுக்கு இடமும் அரசு உறுதி செய்ய வேண்டும்.

அதேபோல, பயணக் கட்டணத்தை ஒரேயடியாக உயர்த்து என்று சொல்வதும் தீர்வாகாது. பொதுப்பெட்டியில் நின்றுகொண்டு வேலை தேடி ஊர்விட்டு ஊர் போகும் தொழிலாளிக்கு மானியம் அவசியம். ஆனால், அது சமூகக் கடமை என்றால் அதன் செலவைப் பொது நிதிநிலை அறிக்கை ஏற்க வேண்டும். விவேக் தேவ்ராய் குழு 2015-இல் வலியுறுத்தியதும் இதைத்தான். நாடாளுமன்றம் வெளிப்படையாக வாக்களித்துத் தர வேண்டிய மானியத்தைச் சரக்குக் கட்டணத்துக்குள் ஒளித்துவைப்பது ஏழைக்குச் செய்யும் உதவியும் அல்ல. சுற்றுச்சூழலுக்குச் செய்யும் உபகாரமும் அல்ல.

தெற்கின் குறையையும் சொல்லியாக வேண்டும். 2021-இல் நிதியமைச்சர் நிர்மலா சீதாராமன் அறிவித்த அடுத்தகட்டத் தடங்களில் கிழக்குக் கடற்கரைத் தடம் கரக்பூரில் தொடங்கி விஜயவாடாவில் முடிகிறது. வடக்கு-தெற்குத் தடமும் இட்டார்சியிலிருந்து விஜயவாடாவோடு நின்றுவிடுகிறது. 2026-27 நிதிநிலை அறிக்கையில் இடம்பெற்ற புதிய தடமோ தான்குனிக்கும் சூரத்துக்கும் இடையே கிழக்கு மேற்காகச் செல்வது. கார், ஜவுளி, டயர், மின்னணுச் சாதனங்கள் என்று லாரியை நம்பியிருக்கும் சரக்குகளை உற்பத்தி செய்வதே தென்மாநிலங்கள்தான். சென்னை, எண்ணூர், தூத்துக்குடி, கொச்சி துறைமுகங்கள் இங்கேதான் உள்ளன. விஜயவாடாவுக்குத் தெற்கே இந்தியா இல்லையா?

ரயிலின் பங்கை 2030-க்குள் 45 சதவீதமாக்குவது என்பது தேசிய ரயில் திட்டத்தின் இலக்கு. ரயிலின் பங்கை உயர்த்துவது உள்ளிட்ட சீர்திருத்தங்களால் 2020 முதல் 2050 வரை 1,000 கோடி டன் கரியமில வாயுவைத் தவிர்க்க முடியும் என்று 2021-இல் நீதி ஆயோக் கணக்கிட்டது. இலக்குகளுக்கும் அறிக்கைகளுக்கும் பஞ்சமில்லை. எந்த ஆண்டில் எவ்வளவு சரக்கு சாலையிலிருந்து ரயிலுக்கு மாறியது, அதனால் எவ்வளவு உமிழ்வு குறைந்தது என்ற கணக்கு ஆண்டுதோறும் நிதிநிலை அறிக்கையுடன் நாடாளுமன்றத்தில் வைக்கப்பட வேண்டும். பயணிகள் மானியம் பொதுக் கணக்குக்கு மாற்றப்பட்டு, சரக்குக் கட்டணம் அதற்கேற்பக் குறைக்கப்பட வேண்டும். தனித் தடம் தெற்கே நீள வேண்டும்.

அடுத்த குளிர்காலத்திலும் தில்லி எல்லையில் லாரிகள் நிற்கும். அவையில் கவலைக் குரல் எழும். அப்போதாவது, லாரியை நிறுத்துவது எப்படி என்று கேட்பதற்குப் பதிலாக, அந்தச் சரக்கை ரயிலேற்றுவது எப்படி என்று ஓர் உறுப்பினராவது எழுந்து கேட்கட்டும். பதில் சொல்ல வேண்டிய பொறுப்பு ரயில்வே அமைச்சருக்கு மட்டுமல்ல, நிதியமைச்சருக்கும் உண்டு.